புரச மரமும் புழு மருந்தும்

மாசித் திங்கள் முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில், சக்கரதர்ப்பூரிலிருந்து மனோகர்ப்பூர் வழியாக ரூர்கேலா நோக்கிச் செல்லும் வண்டியில் சாளரத்தின் ஓரம் அமர்ந்திருப்போர்க்கு ஓர் அரிய காட்சி கிட்டும். இருபுறமும் இலையுதிர்ந்து நிற்கும் மரங்களின் கொம்புகளெல்லாம் செந்தீப் பற்றிக்கொண்டாற்போலப் பூத்து நிற்கும். இந்தி பேசுவோர் அம்மரத்தைப் பலாஷ் என்பர். நம் முன்னோர் புரசு என்றும், பலாசு என்றும், முருக்கு என்றும் அதற்குப் பெயரிட்டனர். சென்னையிலுள்ள புரசைவாக்கம் அம்மரத்தினால் பெயர்பெற்ற ஊர் என்பர். நாம் பிழைக்க வந்திருக்கும் ஜார்க்கண்ட் மாநிலம் அதன் பூவையே மாநில மலராகக் கொண்டிருக்கிறது.

பூவை அறிந்த அளவுக்கு நம்மவர் அம்மரத்தின் விதையை அறியார். பூ உதிர்ந்தபின் தட்டையான நெற்று உண்டாகும். நெற்றின் நுனியில் ஒரே ஒரு விதை இருக்கும். பழைய எட்டணாக் காசைப்போல் தட்டையாய், செம்பழுப்பு நிறமாய் இருக்கும் அவ்விதையே, சோட்டாநாகபுரிக் காடுகளில் வாழும் ஹோ, முண்டா, சந்தால், உராவ் முதலிய ஆதிகுடி மக்கள் வயிற்றுப் புழுவை வெளியேற்ற வழங்கிவரும் மருந்தாகும். அம்மருந்தின் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். நாம் வைத்தியர் அல்லோம். தாவர நூல் கற்றவரும் அல்லோம். எனினும் இதனை எழுதுதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது நம் வீட்டிலேயே நிகழ்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குழந்தைக்குக் கீரிப்பூச்சித் தொல்லை மிகுந்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்தது. உண்பது உடம்பில் ஒட்டவில்லை. காலனிக்கு இலைத்தட்டு விற்க வரும் ஹோ மூதாட்டி ஒருத்தி வாசலில் அமர்ந்து இதனைக் கேட்டுவிட்டு, பலாஷ் விதை கொடுத்தால் தீரும் என்று சொல்லிப் போனாள். மறுநாளே சந்தையில் விதை வாங்கினோம். அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது, எப்படிப் பக்குவம் செய்வது என்ற ஒன்றையும் நாம் கேட்டறியவில்லை. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. இரவு முழுதும் வாந்தி. விடியுமுன் மருத்துவமனைக்கு ஓடினோம். இறையருளால் இரண்டு நாளில் தேறிற்று. அடுத்த வாரம் வந்த மூதாட்டியிடம் மனத்தாங்கலோடு இதனைக் கூறினோம். அவள் சினந்து, “பாபு, விதையின் பெயரைக் கேட்டுக்கொண்டாய், அளவைக் கேட்டாயா?” என்றாள்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. பின்னர் இப்பொருள் குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தபோது, நம் வீட்டில் நிகழ்ந்த பிழை இருநூறு ஆண்டு வரலாற்றிலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருப்பதைக் கண்டோம். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

அழையா விருந்தினர்

மனிதர் குடலில் குடியேறும் புழுக்கள் பலவகை. அவற்றுள் உருண்டைப் புழு, கொக்கிப் புழு, நாடாப் புழு ஆகிய மூன்றையும் இக்கட்டுரைக்காக நினைவிற் கொள்ளுதல் போதும்.

உருண்டைப் புழு மண்புழுவைப் போன்ற உருவமுடையது. ஓர் அடி நீளம் வரையிலும் வளரக்கூடியது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். மண்ணில் கலந்த அம்முட்டைகள் கழுவாத கையினாலும் காய்கறியினாலும் மீண்டும் வாய்க்குள் புகும். நாடாப் புழு பல முழம் நீண்டு கிடக்கும். சரிவர வேகாத மாமிசத்தின் வழியே வருவது. இவ்விரண்டும் வெளிப்பட்டால் கண்ணுக்குத் தெரியும். தாய்மார் கண்டு அஞ்சுவர்.

கொக்கிப் புழுவோ அரை அங்குலத்துக்கும் குறைவானது. குடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சுவது துளியிற் சிறிதே. ஆயின் நூற்றுக்கணக்கில் பெருகினால் உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, முகமும் காலும் வீங்கி, வேலை செய்யும் வலிமையே போய்விடும். அப்படிப்பட்டவனைச் சோம்பேறி என்று உலகம் ஏசும். அவன் குடலில் இருப்பதை ஒருவரும் காணார். இப்புழு வாய் வழியாக மட்டும் வருவதன்று. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சுகள் வளர்ந்து, செருப்பில்லாக் காலின் தோலைத் துளைத்து உட்செல்லும். 1898ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தம் கையிற் சிந்தியதால் இவ்வுண்மையைத் தற்செயலாகக் கண்டறிந்தார்.

இவ்வேறுபாட்டை வாசகர் மறவாதிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புழுவுக்குக் காடு மருந்து கண்டது. கண்ணுக்குத் தெரியாத புழுவின் கதை வேறு.

காட்டின் மருந்துப் பெட்டி

ஆதிகுடி மக்கள் வழங்கிய புழு மருந்துகளுள் புரசம் விதை முதன்மையானது. விதையை நீரில் ஊறவைத்துத் தோலை நீக்கி, பருப்பை உலர்த்திப் பொடி செய்து தேனோடோ வெல்லத்தோடோ கொடுப்பதும், சில நாள் சென்றபின் பேதிக்குக் கொடுத்துப் புழுவை வெளியேற்றுவதும் பரவலான முறை. இது நமக்கும் புதியதன்று. நம் சித்த வைத்தியத்திலும் முருக்கன் விதை மாத்திரை என்பது புழுவுக்குரிய மருந்தாகவே இன்றும் வழங்குகிறது. வடமொழி ஆயுர்வேத நூல்களும் பலாச விதையைக் கிருமி நீக்கும் பொருளாகக் கூறும். யார் யாரிடம் கற்றனர் என்று இன்று அறுதியிட்டுச் சொல்லுதல் அரிது. ஒரு மரம் எங்கெல்லாம் செழித்து வளர்ந்ததோ அங்கெல்லாம் அதனடியில் வாழ்ந்த மக்கள் அதன் குணத்தை அறிந்திருந்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

இரண்டாவது, கமலா என்னும் மரம். நாட்டு மருந்துக் கடைகளில் கபிலப்பொடி என்று விற்கும் செந்நிறப் பொடி இம்மரத்தின் காயினின்று கிடைப்பது. காய்களின் மேல் செந்தூள் படிந்திருக்கும். அவற்றைக் கூடையிலோ துணியிலோ இட்டுத் தேய்த்தால் தூள் பிரிந்து விழும். அத்தூளால் பட்டுக்குச் சாயம் ஏற்றலாம். நாடாப் புழுவையும் வெளியேற்றலாம். அதுவே பேதியும் ஆக்குமாதலின் தனியாகப் பேதிக்குக் கொடுக்கத் தேவையில்லை.

இவையேயன்றி, நிலவேம்பின் கசப்புச் சாறும், வேப்பிலையும், வாய்விடங்கமும் பல பகுதிகளில் புழுவுக்கு வழங்குவன. வங்காளத்திலும் திரிபுரா முதலிய கிழக்கு மலைநாடுகளிலும் அன்னாசி இலையின் வெண்ணிற அடிப்பகுதியைப் பிழிந்த சாற்றைக் கொடுப்பர். அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த செடி. கிராம மக்களும் மலை மக்களும் புதிதாக வந்த செடியையும் சோதித்துப் பார்த்துத் தம் மருந்துகளோடு சேர்த்துக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும். அவர்கள் அறிவு பாட்டன் சொன்னதைக் கண்மூடித் திருப்பிச் சொல்லும் அறிவன்று.

ஏட்டில் ஏறிய மருந்து

இம்மருந்துகள் ஐரோப்பியர் ஏட்டில் ஏறிய வரலாறு சுவையானது. கமலா மரத்துக்கு ராக்ஸ்பரோ என்னும் தாவர நூலறிஞர் சூட்டிய பெயர் ராட்லெரா என்பது. இது ராட்லர் என்னும் பாதிரியாரின் பெயரால் அமைந்தது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து, தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்து, 1836இல் மறைந்த அதே ராட்லர்தாம் இவர். செடிகளைத் தொகுப்பதிலும் அவர் வல்லவர். பிற்காலத்தில் தாவர நூலார் அம்மரத்தின் பெயரை மாற்றிவிட்டனர். எனினும் கபிலப்பொடியிலுள்ள முக்கியமான இரசாயனப் பொருளுக்கு ராட்லெரின் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தமிழுக்கு அகராதி செய்தவர் பெயர் புழு மருந்தொன்றில் தங்கியிருப்பதை அறியும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வங்காளப் படையின் ஆங்கில மருத்துவர்கள் நாடாப் புழுவுக்குக் கமலாவைக் கொடுத்துப் பயன் கண்டு எழுதினர். அது பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம் பெற்றது. பாதிரியார் பெயரும் மருத்துவர் பெயரும் ஏட்டில் ஏறின. காயைத் தேய்த்துத் தூள் எடுத்து, இது புழுவைக் கொல்லும் என்று முதன்முதல் கண்ட காட்டு மக்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இதற்கு விலக்காக ஒருவரைக் குறிப்பிடலாம். நார்வே நாட்டைச் சேர்ந்த போட்டிங் என்னும் பாதிரியார் 1890இல் சந்தால் பர்கானாவுக்கு வந்து பல்லாண்டு அம்மக்களிடையே வாழ்ந்தார். அவர்கள் மொழிக்கு ஐந்து தொகுதிகளில் பேரகராதி செய்தார். 1925ஆம் ஆண்டு தொடங்கி வங்காள ஆசியக் கழகத்தின் வாயிலாகச் சந்தால் மருத்துவத்தைப் பற்றிய நூலை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். எந்த நோய்க்கு எந்த வேர், எந்தப் பட்டை, எதனோடு சேர்த்து அரைப்பது என்று அவர்கள் சொன்னவாறே அதில் தொகுத்து வைத்தார். சந்தாலர் புழுவைத் தேஜோ என்பர். பல்வலி முதலான பல நோய்களுக்கும் கண்ணுக்குப் புலனாகாத தேஜோவே காரணம் என்பது அவர்களது நம்பிக்கை. நம் மொழியிலும் கிருமி என்றால் பண்டு புழு. இன்றோ நுண்ணுயிரைக் குறிக்கும் சொல்லாக அது மாறிவிட்டது. இவ்வாறு எண்ணிப் பார்த்தால் காட்டுவாசியின் கருத்துக்கும் நம் கருத்துக்கும் உள்ள தொலைவு நாம் நினைப்பதுபோல் அத்துணைப் பெரிதன்று.

அடுத்து வந்தது சோதனைக் காலம். கல்கத்தாவில் வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டபின், 1921 முதல் அங்கு மருந்தியல் பேராசிரியராக இருந்த ராம்நாத் சோப்ரா நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கலானார். 1928இல் சாண்ட்லர் என்பாருடன் சேர்ந்து புழு மருந்துகளைப் பற்றியே தனி நூல் எழுதினார். 1933இல் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. பழையது என்பதற்காகப் போற்றுவதும், நாட்டு மருந்து என்பதற்காகத் தூற்றுவதும் இல்லாமல், வேலை செய்கிறதா என்ற ஒன்றையே அவர் நோக்கினார்.

1967, 1968ஆம் ஆண்டுகளை ஒட்டிப் புரசம் விதையின் இரகசியமும் வெளிப்பட்டது. அதிலுள்ள புழுக்கொல்லிப் பொருளை ஆராய்ந்தவர்களுள் கேரளப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தனர். பலாசோனின் என்று அதற்குப் பெயரிட்டனர். அப்பொருளின் அமைப்பை அறிந்தபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. தோலிற் பட்டால் கொப்புளம் எழுப்பும் ஒருவகை வண்டுகளில் காந்தாரிடின் என்னும் கடுமையான நஞ்சு உண்டு. பலாசோனின் அந்நஞ்சின் நெருங்கிய உறவு. வண்டின் உடலில் இருப்பதைப் போன்ற பொருள் மரத்தின் விதையிலும் இருந்தது! புழுவைக் கொல்லும் பொருள் அளவு மிஞ்சினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் வருத்தும் என்பதும் இதனால் தெளிவாயிற்று.

மூதாட்டி அளவைக் கேட்டாயா என்று சினந்ததன் பொருள் இதைப் படித்த அன்றுதான் நமக்கு முழுதும் விளங்கிற்று. அவள் காந்தாரிடினை அறியாள். ஆனால் எத்தனை வயதுக்கு எவ்வளவு, கருவுற்ற பெண்ணுக்கு ஆகாது, மீண்டும் மீண்டும் கொடுக்கலாகாது என்பனவற்றை அறிவாள். விதை காட்டில் எவர்க்கும் கிடைக்கும். அளவு அவளிடம் மட்டுமே கிடைக்கும்.

காடு அறியாத புழு

இனிக் கொக்கிப் புழுவின் கதைக்கு வருவோம். இதில் நம் ரயில்வேயாருக்கு ஒரு தொடர்பு உண்டு. இத்தாலிய மருத்துவர் துபினி 1838இல் இப்புழுவைக் கண்டு 1843இல் எழுதினார். நெடுநாள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையில் கொத்தார்டு ரயில் சுரங்கம் வெட்டப்பட்டது. பதினைந்து கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளர் நூற்றுக்கணக்கில் இரத்தம் வற்றி வெளுத்து வீழ்ந்தனர். 1880இல் பெரோன்சித்தோ முதலிய இத்தாலிய அறிஞர் ஆராய்ந்து, காரணம் கொக்கிப் புழுவே என்றனர். சுரங்கத்தின் உள்ளே வெப்பமும் ஈரமும் இருந்தன, கழிப்பிடம் இல்லை, ஆயிரக்கணக்கானோர் நெருங்கி உழைத்தனர். புழுவுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

அதற்கு மருந்தாக வழங்கியது தைமால் என்னும் பொருள். நம் அடுக்களை ஓமத்தின் மணமே தைமாலின் மணம். முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று தைமாலாக மாறிற்று. வயிற்று நோவுக்கு ஓமநீர் கொடுத்த நம் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தால் பெருமை கொண்டிருப்பர்.

கொத்தார்டில் நிகழ்ந்ததே நம் நாட்டிலும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆர்க்காட்டி எனப்பட்ட ஆள்பிடிப்போர் இந்தச் சோட்டாநாகபுரிக்கு வந்து, முண்டாக்களையும் உராவ்களையும் சந்தாலர்களையும் ஒப்பந்தக் கூலிகளாக்கி ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பினர். தோட்டத்தில் அவர்கள் வரிசை வீடுகளில் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டனர். கழிப்பிடம் இல்லை, காலில் செருப்பு இல்லை, பெருமழை பெய்யும் நிலம். கொக்கிப் புழு பெருகிற்று. கூலிகள் வெளுத்து வீங்கி மடிந்தனர். அக்காலத்தில் அசாமில் காலா அசார் என்னும் காய்ச்சலும் பரவியிருந்தது. 1890ஐ ஒட்டி அதனை ஆராய்ந்த கைல்ஸ் என்னும் மருத்துவர், காலா அசாரும் கொக்கிப் புழு நோயும் ஒன்றே என்று முடிவு கட்டினார். சில ஆண்டுகளுக்குப் பின் ரோஜர்ஸ் என்பார் வந்து, இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று நிலைநாட்டினார். பெரிய மருத்துவர்களே மயங்கும் அளவுக்குக் கொக்கிப் புழு அங்கே நிறைந்திருந்தது என்பது இதனால் அறியத்தக்கது.

காட்டில் கொக்கிப் புழு இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயின் சிதறிய குடிசைகளில் வாழ்ந்து, பரந்த நிலத்தில் நடமாடிய மக்களிடம் அது இத்துணைப் பெருகுவதற்கு இடமில்லை. ஆயிரம் பேரை ஓரிடத்தில் அடைத்துக் கழிப்பிடம் கட்டித் தராத முதலாளியே அதனைப் பெருக்கினார். காடு மருந்து கண்டது தான் கண்ணால் கண்ட புழுவுக்கு. கூலி வரிசை வளர்த்த புழுவுக்கு அந்த மருந்துப் பெட்டியில் போதிய விடை இருக்கவில்லை. மேலும், மருந்தறிந்த முதியோரையும் அவர்கள் அறிந்த காட்டையும் விட்டு வந்தவர்களுக்கு, இருந்த மருந்தும் இல்லாமற் போயிற்று.

நம் மக்களின் கதையும் இதுவே. இதே காலத்தில் கங்காணிமார் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றனர். அங்கும் வரிசை வீடு. அங்கும் செருப்பில்லாக் கால். அங்கும் அதே புழு. 1916 முதல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பில் இறங்கினர். சென்னை மாகாணத்திலும் 1920க்குப் பின் அவர்கள் பணி நடந்தது. சென்னை மாகாணத்துக் கொக்கிப் புழு ஆராய்ச்சியில் கெயஸ் பாதிரியாரும் டாக்டர் மஸ்கரும் எத்தனையோ மருந்துகளைச் சோதித்து எழுதினர். நாட்டு மருந்துகள் கொக்கிப் புழுவிடம் வலுவற்றவை என்பதே அவர்கள் கண்டது.

மேனாட்டு மருந்தும் முழு வெற்றி பெறவில்லை. மருந்து கொடுத்துப் புழுவை நீக்கினால், சில திங்களில் அதே மண்ணில் நடந்து மீண்டும் புழு ஏறிற்று. கழிப்பிடம் கட்டாமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதே என்பதை அனுபவம் கற்பித்தது. 1926இல் இலங்கையின் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு இக்கல்வியின் பயனாகும்.

கிழங்கின் தோல்

காட்டு மருத்துவத்தின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. ஷில்லாங் நகரச் சந்தைக்குச் சென்றவர்கள் சோஃப்லாங் என்னும் சிறு கிழங்கைக் காசிப் பெண்கள் குவித்து விற்பதைக் கண்டிருப்பர். அதனைப் பச்சையாகவே உண்பர். எள்போன்ற ஒரு விதையை அரைத்த விழுதைத் தொட்டுக்கொள்வர். வயிற்றில் புழு இருந்தால் தோலை உரிக்காமல் தோலோடு உண்பது காசி மக்களின் வழக்கம்.

தோலில் என்ன இருக்கிறது? ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பேராசிரியை வீணா டாண்டனும் அவருடன் உழைத்தவர்களும் 1990களில் இதனை ஆராய்ந்தனர். கிழங்குத் தோலின் சாற்றில் இட்ட நாடாப் புழுக்களும் தட்டைப் புழுக்களும் அசைவற்று மடிந்தன. புழுவின் மேல்தோல் சிதைந்திருந்தது. சாற்றின் முதன்மையான பொருள் ஜெனிஸ்டீன் என்று கண்டனர். சோயா மொச்சையிலும் காணப்படும் பொருளே அது. வீணா டாண்டனுக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சோதனைச் சாலையில் புழு மடிவது வேறு. மனிதர் வயிற்றில் நோய் நீங்குவது வேறு. இடையில் நெடுந்தூரம் உண்டு. ஆயினும் உரித்து எறியும் தோலில்தான் மருந்து இருக்கிறது என்று காசித் தாய்மார் அறிந்திருந்தது சரியே என்று மெய்ப்பிக்கப்பட்டது.

காட்டு மக்களிடம் கற்றதற்கு நன்றிக்கடன் செலுத்திய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அது புழு மருந்தைப் பற்றியதன்றெனினும் ஈண்டுக் கூறத்தக்கது. 1987இல் பொதிகை மலையில் காணிக்காரர் வழிகாட்ட நடந்து சென்ற திருவனந்தபுரத்துத் தாவர ஆராய்ச்சியாளர், அவர்கள் களைப்புத் தீர உண்ட ஒரு காயைக் கண்டு மருந்து செய்தனர். மருந்தின் உரிமையை விற்று வந்த பணத்தில் பாதி காணிக்காரர்க்கு எனத் தீர்மானித்தனர். அதில் இடர்ப்பாடுகளும் மனவேறுபாடுகளும் பின்னர் எழுந்தன. ஆயினும், அறிவைக் கொடுத்தவர்க்கும் பங்கு உண்டு என்ற நியாயம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டமும் அந்நியாயத்தை ஏற்கிறது.

நாம் செய்யத்தக்கது

இவ்வளவும் எழுதியதன் நோக்கம், புரசம் விதையை வாங்கி அரையுங்கள் என்று கூறுவதன்று. நாம் செய்த பிழையைப் பிறர் செய்யலாகாது என்பதே நம் முதல் வேண்டுகோள். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்பட்டு வருகிறது. ஒன்று முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை விலையின்றிக் கிடைக்கும். உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் அதுவே இன்று தக்க மருந்து. நம் காலனித் தாய்மார் சிலர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவதை நாம் அறிவோம். அது வேண்டா.

இரண்டாவது, கொத்தார்டும் அசாமும் இலங்கையும் கற்பித்த பாடம். மாத்திரை பாதி, மண் பாதி. காலனியின் பின்புறத்துச் சாக்கடை அடைபட்டு மழைக்காலத்தில் தெருவிற் பரவுவதை நாம் எல்லோரும் காண்கிறோம். நம் பிள்ளைகள் செருப்பின்றி அதில் விளையாடுகின்றனர். காலனியை ஒட்டிய குடிசைகளில் வாழும் ஹோ குழந்தைகளும் அதே நீரில்தான் விளையாடுகின்றனர். புழு மொழி பார்ப்பதில்லை. நம் வாசலை மட்டும் கழுவி அதனை ஒழிக்க இயலாது. சாக்கடைக்காக நம் சங்கம் மனு எழுதும்போது அக்குடிசைகளையும் சேர்த்து எழுதுதல் நம் நலனுக்கும் உகந்தது, நீதிக்கும் உகந்தது.

மூன்றாவது, மனத்தைப் பற்றியது. நாம் ஊரைவிட்டு வந்து, மொழி தெரியாத இடத்தில், ஊர்க் கோயிலையும் பாட்டி வைத்தியத்தையும் பின்னே விட்டு வாழ்பவர்கள். தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற முண்டாவும் அப்படியே. இலங்கைக்குச் சென்ற நம் பாட்டனும் அப்படியே. ஆனால் நம் வாசலில் இலைத்தட்டு விற்கும் ஹோ மூதாட்டி இந்த மண்ணைவிட்டு எங்கும் போகாதவள். இது அவள் ஊர். நாமே அவள் ஊரில் குடியிருப்பவர்கள். அவளைக் காட்டுவாசி என்று நாம் தாழ்வாகப் பேசும்போது, நம் குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சென்ற பங்குனியில் அம்மூதாட்டி வந்தபோது நாம் அவளிடம் அளவு கேட்டோம். மருந்து கொடுப்பதற்காக அன்று; தெரிந்து குறித்து வைப்பதற்காக. அவள் நெடுநேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பேத்தியை அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நாம் ஏட்டில் எழுதினோம். அப்பெண் மனத்தில் எழுதிக்கொண்டாள். நம் ஏடு தொலைந்தாலும் ஆகலாம். அப்பெண் அளவை மறவாதிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுதல்.